கத்தி பட்டால் பரவும் என்றார் கிருஷ்ணப்பா

புதிதாகச் சேர்ந்திருக்கும் சர்ஜன்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் மேடம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நானும் முழங்கால் வலி, வெயில், வீட்டில் விருந்தாளி என்று சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டே வந்தேன். இனித் தப்ப வழியில்லை என்றானபின் எழுதித் தருகிறேன். மேடையில் நின்று பேசச் சொன்னால் பாதியில் நாற்காலி கேட்பேன், அது உங்களுக்கும் சங்கடம்.

என் சர்வீஸ் பெரும்பாலும் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலுமாகக் கழிந்தது. நான் தெற்கத்திக்காரி. வந்த புதிதில் நோயாளி வாயைத் திறந்தால் பாதி தெலுங்கு, மீதி கன்னடம், நடுவில் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் தமிழ். வலி எங்கே என்பதை 'எக்கட நொப்பி', 'எல்லி நோவு' என்று மாற்றி மாற்றிக் கேட்கப் பழகுவதற்கே நாளாயிற்று. ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் எந்தப் பாஷையில் சொன்னாலும் எனக்கு உடனே புரிந்துவிடும். கத்தி பட்டால் பரவிவிடும் என்பதுதான் அது.

கட்டியோடு வருகிற பெண் சொல்வாள். கூட வருகிற மாமியார் சொல்வார். வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர்கூடச் சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் கோபப்பட்டேன். பிறகு படம் வரைந்து விளக்கினேன். சர்வீஸின் கடைசி வருஷங்களில் இரண்டுக்கும் தெம்பில்லாமல், அவர்கள் சொல்லி முடிக்கட்டும் என்று பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். உங்களுக்குப் புரியும்படி சொன்னால், நான் களைத்துப் போயிருந்தேன்.

மஞ்சுளா வந்தது அந்தக் காலத்தில்தான். சூளகிரிப் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் லைனில் வேலை. புகுந்த வீடு வேப்பனப்பள்ளியை ஒட்டிய கிராமம், மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். இடது மார்பில் ஒரு கட்டி. பெரிதில்லை, விரலால் தள்ளினால் நகர்ந்தது. இந்த அளவில் வருகிறவர்களைப் பார்ப்பதே அபூர்வம் என்பதால் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது. ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்துவிடலாம், புற்றுதான் என்று உறுதியானால் உடனே ஆபரேஷன் செய்துவிடலாம், இப்போதே செய்தால் பிழைத்துக்கொள்வாள் என்றேன்.

மஞ்சுளா புருஷனைப் பார்த்தாள். புருஷன் முனிராஜ் தன் அப்பாவைப் பார்த்தார். அப்பா கிருஷ்ணப்பா, தோளில் துண்டோடு சுவரோரம் நின்றிருந்தவர், மகனிடம் தெலுங்கில் மெதுவாக "வத்துரா" என்றார். வேண்டாம் என்று அர்த்தம். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்தார்.

"கத்தியும் வேணாம், ஊசியும் வேணாம் டாக்டரம்மா. தொட்டா பரவிடும். எங்க ஊர்ல நாகம்மான்னு ஒருத்தி. நல்லா நடந்துகினு இருந்தவ. இங்கதான் கூட்டியாந்து கத்தி வெச்சாங்க. அடுத்த மா சீசன் அவ பாக்கல."

நாகம்மாவை எனக்கு நன்றாக நினைவிருந்தது. கட்டி தோலைக் கிழித்து வெளியே வந்து, புடவைத் தலைப்பால் எவ்வளவு மூடினாலும் நாற்றம் அடங்காத நிலையில் வந்தவள் அவள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டதற்கு, கத்தி பட்டால் பரவும் என்று சொன்னார்கள் என்றாள். புண்ணைச் சுத்தம் செய்யத்தான் நான் கத்தி வைத்தேன். ஆனால் அவள் போனபிறகு ஊர் என்ன சொல்லும்? கத்தி வைத்தார்கள், போய்விட்டாள் என்றுதான் சொல்லும். பயந்துபோய்த் தாமதமாக வருகிறார்கள், தாமதமாக வந்ததால் சாகிறார்கள், அந்தச் சாவைப் பார்த்து அடுத்தவள் இன்னும் தாமதமாக வருகிறாள். இந்தச் சுற்றை எந்த இடத்தில் அறுப்பது என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை.

இவர்களைப் படிக்காதவர்கள் என்று நினைத்து உதட்டைச் சுழிக்கிறவர்கள் உங்களில் இருந்தால் ஒன்று சொல்கிறேன். இதை முதலில் சொன்னவர்கள் டாக்டர்கள்தான். உள்ளே மறைந்திருக்கிற புற்றைத் தொடாமல் விட்டால் நோயாளி இன்னும் கொஞ்ச காலம் இருப்பார், தொட்டால் சீக்கிரம் போவார் என்று பழங்காலக் கிரேக்க வைத்தியர்கள் எழுதி வைத்தார்கள். உடம்பில் கரும்பித்தம் என்று ஒன்று ஓடுகிறது, அது தேங்குகிற இடத்தில் புற்று வருகிறது என்றார்கள் பின்னால் வந்தவர்கள். பித்தம் உடம்பெல்லாம் இருக்கும்போது ஓரிடத்தில் வெட்டி என்ன பிரயோஜனம், வேறோரிடத்தில் கிளம்பும் என்பது அவர்கள் வாதம். பல நூறு வருஷம் நம் ஆட்கள் அதைப் பரீட்சையில் எழுதித் தேறியிருக்கிறார்கள். அவர்களும் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். மயக்க மருந்தும் இல்லாமல், கையும் கழுவாமல் வெட்டிய காலத்தில் வெட்டுப்பட்டவர்கள் செத்துத்தான் போனார்கள்.

அன்றைக்கு என்ன தோன்றிற்றோ, இதையெல்லாம் கிருஷ்ணப்பாவிடமே சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் முகம் மலர்ந்து, "பாத்தீங்களா, ஒங்க ஆளுங்களே அதைத்தானே சொல்லியிருக்காங்க?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றிற்று. சண்டை போடத் தெம்பில்லாமல், "சரிங்க. கத்தி எப்படிப் பரப்பும்னு நீங்க நினைக்கிறீங்க? அதையாவது சொல்லுங்க," என்றேன்.

அவர் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி முன்னால் வந்தார்.

"எங்க தோப்புக்குள்ள வெளியாள் அருவா வராது டாக்டரம்மா. கிளை நுனியிலேர்ந்து காஞ்சிகினு வர்ற மரத்துல வெச்ச கத்திய அப்டியே கொண்டுபோயி நல்ல மரத்துல வெச்சா, அதுவும் காயும். நான் பாத்திருக்கேன். ஒரு மரம் வெட்டினா அருவாள நெருப்புல காட்டிட்டுத்தான் அடுத்த மரம். ஒங்க கத்தி எத்தினி பேர் மேல பட்டதோ, யாரு கண்டா?"

எத்தனையோ வருஷ சர்வீஸில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஒருவேளை எல்லாரும் மனதுக்குள் கேட்டிருப்பார்கள். சிஸ்டரைக் கூப்பிட்டு ஊசியும் பிளேடு பெட்டியும் கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொரு பிளேடும் தனித்தனி உறையில் ஒட்டி மூடியிருக்கும் என்பது நமக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? ஒன்றைக் கிழித்துக் காட்டினேன். இது யார் மேலும் பட்டதில்லை, மஞ்சுளாவுக்கு வைத்தபிறகு இன்னொருவர் மேல் படாது, குப்பைக்குப் போய்விடும் என்றேன்.

அவர் பெட்டியைக் கையில் வாங்கினார். நர்சரியில் மாங்கன்று பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்து, அடியிலிருந்து ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதான் எங்க மஞ்சுளாவுக்கு," என்றார்.

அதைத் தனியே எடுத்து வைத்தேன். பரிசோதனையில் புற்று என்று உறுதியாகி, ஆபரேஷன் நடந்தபோது அந்த பிளேடைத்தான் போட்டேன். தியேட்டரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவள் மேஜை மேல் இருந்தாளே, எனக்கு அது போதும்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆபரேஷனில் எடுத்த அக்குள் நெறிக்கட்டிகள் சிலவற்றிலும் நோய் இருந்தது. அப்படியானால் கீமோ ஏற்ற வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முனிராஜிடம் விளக்கமாகச் சொல்லி நாள் குறித்து அனுப்பினேன். குறித்த நாளில் யாரும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. போன் செய்தேன். எதிர்முனையில் அவர் வேலை செய்கிற கம்பெனியின் பிரஸ் மெஷின் தடதடக்கிற சத்தம்.

"அப்பா வேணாங்கறாரு மேடம். கட்டிதான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு உடம்புல விஷத்த ஏத்தணும்னு கேக்கறாரு."

"நீங்க என்ன நினைக்கிறீங்க முனிராஜ்?"

"ஷிஃப்ட்ல இருக்கேன் மேடம், அப்புறமா கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டார். கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பிப் போனேன். இதைக் கேட்டு என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். கோபத்தில்தான் போனேன். அத்தனை பாடுபட்டு நேரத்தோடு பிடித்த ஒரு கட்டியை, கடைசியில் இப்படிக் கோட்டை விடுவதா என்ற ஆத்திரம். லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் ஊர்ந்து, பிரிந்து இறங்கி வேப்பனப்பள்ளி ரோட்டைப் பிடிப்பதற்குள் ஆத்திரம் பாதி வற்றிவிட்டது, இடுப்பு வலிதான் மிச்சம்.

கிருஷ்ணப்பா மரியாதையாக வரவேற்று இளநீர் சீவிக் கொடுத்தார். பிறகு தோப்புக்குள் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மரத்தில் பெரிய கிளை ஒன்று வெட்டப்பட்டு, வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிய நீலம் காய்ந்திருந்தது. மற்ற கிளைகளில் எல்லாம் தளதளவென்று துளிர்.

"காஞ்சது எங்க வரைக்கும் போயிருக்கோ, அதுக்கும் கீழ நல்ல கட்டையில வெட்டணும். பூசணும். அவ்ளோதான். நீங்களும் அதைத்தானே செஞ்சீங்க? பொண்ணு தேறிட்டா. அப்புறம் எதுக்கு மருந்து?"

எனக்கு அந்த இடத்தில் என் சீஃப் ஞாபகம் வந்துவிட்டார். நான் சர்ஜரி படித்தபோது எங்கள் யூனிட்டின் தலைவர். அந்தக் காலத்தில் புத்தகங்கள் சொன்னது கிட்டத்தட்ட கிருஷ்ணப்பா சொன்னதுதான். புற்று பிறந்த இடத்திலிருந்து ஓரம் ஓரமாகப் படர்ந்து வெளியே வருகிறது, அது போய்ச்சேருவதற்கு முன்னால் கத்தி அங்கே போய்விட வேண்டும். ஆகவே சீஃப் மார்பை எடுப்பார், அதன் அடியில் இருக்கிற தசையை எடுப்பார், அக்குளை வழித்தெடுப்பார். விலா எலும்பு தோலுக்கடியில் தெரியும். பலருக்குக் கை யானைக்கால் மாதிரி வீங்கும், தூக்க முடியாது. அத்தனைக்குப் பிறகும் சிலருக்கு நோய் எலும்பிலோ ஈரலிலோ திரும்பி வரும். அப்போது படுக்கை பக்கத்தில் நின்று, "இன்னும் ஒரு விரற்கடை தள்ளிப் போயிருக்கணும்," என்பார். கொடுமைக்காரர் இல்லை. அவரைப்போல நோயாளிக்காகத் தூக்கம் கெட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

பிறகு, அவ்வளவு வெட்டத் தேவையே இல்லை, கட்டியோடு கொஞ்சம் எடுத்தாலும் பலன் ஒன்றுதான் என்று வெளிநாட்டிலிருந்து முடிவுகள் வந்தன. ஒரு நாள் மத்தியானம் டிபார்ட்மென்ட்டில் உட்கார்ந்து அவர் அதைப் படித்ததை நான் பார்த்தேன். படித்து முடித்துப் பத்திரிகையை மூடிவிட்டு, "அந்தக் கை வீங்கின டீச்சரம்மா இப்ப எப்படி இருக்காங்க, தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

தோப்பில் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்தேன். கால் வலி ஒரு பக்கம், என்ன சொல்வதென்று தெரியாதது ஒரு பக்கம். "கிருஷ்ணப்பா, இது ஓரம் ஓரமா படர்ற வியாதின்னுதான் எங்க வாத்தியாரும் நினைச்சாரு. அப்படி இல்ல. நான் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே கட்டியிலேர்ந்து விதை கிளம்பிப் போயிருக்கும். ரத்தத்துல போகும். எந்த மண்ணு ஒத்துக்குதோ அங்க முளைக்கும். அந்த விதையக் கொல்லத்தான் மருந்து," என்றேன். விதை, மண் என்பது என் சொந்தச் சரக்கு இல்லை. இங்கிலாந்தில் ஒரு சர்ஜன், இறந்த பெண்களின் உடல்களில் நோய் ஏன் சில உறுப்புகளை மட்டும் தேடிப் போகிறது என்று யோசித்து அந்தக் காலத்திலேயே சொன்னது.

கிருஷ்ணப்பா வரப்போரம் போய்ப் பூத்து நின்ற பார்த்தீனியம் செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். இந்தப் பக்கம் அதை அறியாதவர் கிடையாது. ரோட்டோரம், தோப்பு, கம்பெனி காம்பவுண்டு, எங்கே பார்த்தாலும் அதுதான்.

"இது மாதிரியா?" என்றார்.

"இது மாதிரிதான்."

"பூ வெச்சதுக்கப்புறம் இதப் பிடுங்கி ஒண்ணும் ஆவாது. பிடுங்கறதுக்கு முன்னாடியே கொட்டியிருக்கும்." செடியைத் தூக்கிப் போட்டார். "வர்றோம் டாக்டரம்மா. எந்தக் கெழமைன்னு சொல்லுங்க."

திரும்பி வரும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, நானும் சர்க்கரை போட்டே குடித்தேன்.

சொன்னபடி வந்தார்கள். முதல் மருந்து ஏறியது. இரண்டாவதும் ஏறியது. முடி கொட்டித் தலையில் துப்பட்டா சுற்றிக்கொண்டு மஞ்சுளா மூன்றாவதற்கு வந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். வார்டில் டம்ளர் இருக்க, அவள் பையிலிருந்து தனியாக ஒரு டம்ளர் எடுத்துத் தண்ணீர் குடித்தாள். முனிராஜ் அவள் பையைத் தொடாமல் ஓரமாகத் தள்ளி நின்றார். டீ வாங்கிவரச் சொல்லி அவரை வெளியே அனுப்பிவிட்டு, என்னம்மா இது என்று கேட்டேன்.

"வீட்லயும் தனித் தட்டு, தனி டம்ளர்தான் டாக்டரம்மா. முன் ரூம்ல தனியா படுக்கறேன். பாப்பாவ கல்லாவியில இருக்கற நாத்தனார் வீட்ல விட்டுட்டாங்க. அங்கயே ஸ்கூல்ல சேத்தாச்சு."

"ஏன்?"

"நீங்கதான் சொன்னீங்களாமே, வெதையா பறக்கும்னு. மாமா சொல்றாரு, பார்த்தீனியம் நம்ம வரப்புல மட்டுமா நிக்குது, பக்கத்துத் தோப்புக்கும் போவுதே, வீட்ல சின்னப் புள்ள இருக்குன்னு."

ரத்தத்தில் போகும் என்று நான் சொன்னதைச் செடி அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒரு மனிதர் தனக்குத் தெரிந்ததை வைத்துத்தானே புதியதைப் புரிந்துகொள்வார்? இதுவும் நம் ஆட்கள் ஒரு காலத்தில் நம்பியதுதான். ஐரோப்பாவில் ஒரு ஊரில், புற்று ஒட்டும் என்று பயந்து, புற்றுநோயாளிகளுக்கென்று இருந்த ஆஸ்பத்திரியையே ஊருக்கு வெளியே தூக்கிப் போடவைத்தார்கள். வேப்பனப்பள்ளியில் ஆஸ்பத்திரிக்குப் பதில் ஒரு டம்ளர் வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு வந்த கோபத்தில், கீழே மரத்தடியில் உட்கார்ந்திருந்த கிருஷ்ணப்பாவை உடனே மேலே அனுப்பச் சொன்னேன். ஆள் போனதும் மஞ்சுளா மருந்து ஏறாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒட்டாதுன்னு சொல்லிடாதீங்க டாக்டரம்மா."

எனக்குப் புரியவில்லை. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எல்லாருக்கும் நான்தான் களி கிண்டறேன். விடிகாலையில மாடு, அடுப்பு, அப்புறம் கம்பெனி பஸ், சாயங்காலம் வந்து மறுபடியும் அடுப்பு. இப்ப என்னைய அடுப்படிக்கு வராதங்கறாங்க. மாமியார் சோறு கொண்டாந்து வெச்சிட்டுப் போறாங்க. ஒக்காந்து சாப்பிடறேன். அதனாலதான் இங்க வந்துபோகத் தெம்பு இருக்கு. ஒட்டாதுன்னு தெரிஞ்சா, தேறிட்டியே, எழுந்து வான்னுடுவாங்க. அடுப்படிக்குத் திரும்பினா நான் மருந்துக்கு வர மாட்டேன். சத்தியமா முடியாது."

"பாப்பா?"

கண்ணில் நீர் முட்டி, துப்பட்டா நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சொல்லாமலே தெரிந்தது. ஒட்டாது என்று நான் சொன்னால் பிள்ளை திரும்பி வரும், அடுப்பும் திரும்பி வரும். மருந்து பாதியில் நிற்கும், அவளைக் காப்பாற்ற முடியாது. ஒட்டும் என்று விட்டுவிட்டால் மருந்து முடியும். ஆனால் அம்மா தொட்டால் வியாதி வரும் என்று நம்பிக்கொண்டே அந்தப் பிள்ளை வளரும், அடுத்து அந்த ஊரில் கட்டி வருகிறவள் டம்ளருக்குப் பயந்தே வாயைத் திறக்க மாட்டாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கிருஷ்ணப்பா வந்து கட்டிலுக்கு எட்ட நின்றார். நான் கேட்பதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

"நானே கேக்கணும்னு இருந்தேன். ஒட்டுமா டாக்டரம்மா, ஒட்டாதா? பாப்பா இல்லாம வீடு வீடாவே இல்ல."

மஞ்சுளா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்டாது," என்றேன். "விதை அவ உடம்புக்குள்ளதான் போகும். வெளிய வராது. பக்கத்துல படுத்தாலும் வராது, எச்சில் தட்டுல சாப்பிட்டாலும் வராது. நாளைக்கே பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

அவர் முகத்தில் வந்த நிம்மதி நிஜமானது. மஞ்சுளாவின் கை என் மணிக்கட்டிலிருந்து தளர்ந்து விழுந்தது. அந்தக் கை விழுந்த வேகத்தில்தான் மீதி எனக்கு வாயில் வந்தது.

"ஆனா ஒண்ணு. மருந்து எல்லாம் ஏறி முடியுற வரைக்கும் அவ அடுப்படிப் பக்கமே போகக்கூடாது."

கிருஷ்ணப்பா புருவத்தைச் சுருக்கினார். "அனலுங்களா?"

எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயம். நான் தலையை ஆட்டினேன்.

"அதான பாத்தேன்," என்றார் அவர். "உச்சி வெயில்ல மருந்து அடிச்சா வேலை செய்யாது, எலைதான் கருகும். நாங்களே சாயங்காலந்தான் அடிப்போம். அனல் பட்டா மருந்து முறிஞ்சிடும் போல."

"ஆமாம். முறிஞ்சிடும்," என்றேன். "மாட்டுக் கொட்டகையும் கூடாது."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மஞ்சுளா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று நான் கேட்கவில்லை.

மறுநாளே கல்லாவிக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்துவிட்டார்கள். முனிராஜ் களி கிண்டப் பழகினார். முதல் நாள் கட்டி கட்டியாக வந்ததாம், எல்லாரும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்களாம். எல்லா மருந்தும் குறித்த நாளில் ஏறி முடிந்தது. மஞ்சுளா இப்போது கம்பெனியில் பழைய லைனிலேயே இருக்கிறாள். பரிசோதனைக்கு வரும்போது என் வீட்டுக்கும் வந்துவிட்டுப் போவாள்.

டாக்டராக இருந்துகொண்டு பொய் சொல்லலாமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. கரும்பித்தம் என்றவர் நம்பிச் சொன்னார். இன்னும் ஒரு விரற்கடை என்ற என் சீஃப் நம்பிச் சொன்னார். நான் ஒருத்திதான் பொய் என்று தெரிந்தே ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். அவள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுப் படியேறி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தம் ஏதும் வருவதில்லை.

இதை எழுதவைத்தது வேறு. போன மாதம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயர் சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மேடம், வேப்பனப்பள்ளிப் பக்கத்துலேர்ந்து கீமோவுக்கு ஒரு அம்மா வந்தாங்க. அடுப்பு அனல் பட்டா மருந்து முறிஞ்சிடுமாமே, எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்னு சொல்றாங்க. மாமியார் கூடவே நின்னு, நெஜமா சார், நெஜமா சார்னு கேக்கறாங்க. இதெல்லாம் எங்கேர்ந்துதான் கிளம்புதோ!"

நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டேன். "நீ என்னப்பா சொன்னே?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல, தாராளமா சமைக்கலாம்னு மாமியார்கிட்டயே தெளிவா சொல்லி அனுப்பிட்டேன் மேடம்."

"அந்தப் பொண்ணு அப்ப யாரைப் பாத்தா?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. யோசித்துவிட்டு, "யாரையும் பாக்கல மேடம். தரையைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க," என்றார்.

"அவ வீட்டு நம்பரைத் தேடி எடு," என்றேன். "இப்பவே கூப்பிடு. மாமியாரைக் கேட்டு வாங்கிப் பேசு. பெரிய டாக்டரைக் கேட்டேன், நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், அடுப்படிக்குப் போகவே கூடாதாம்னு சொல்லு."